இழுப்புத் திசைவேகம்

இழுப்புத் திசைவேகம் என்பது மின்புலம் ஒன்றின் தாக்கத்தால் கடத்தியிலுள்ள கட்டற்ற எதிர்மின்னிகள் (இலத்திரன்கள்) பெறும் சராசரித் திசைவேகம் ஆகும். எதிர்மின்னிகள் எதிர் மின்னூட்டம் உடையவை என்பதால் இது மரபு மின்னோட்டத்தின் திசைக்கு எதிராக அமையும்.

கணிப்பு

மின்னோட்டம் = எதிர்மின்னிகளின் எண்ணடர்த்தி × குறுக்குவெட்டுப் பரப்பு × இழுப்புத் திசைவேகம் × எதிர்மின்னியின் மின்னூட்டம்

செம்பில் ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 8.5 × 10²⁸ கட்டற்ற எதிர்மின்னிகள் உள்ளன. ஒன்றின் மின்னூட்டம் 1.602 × 10⁻¹⁹ கூலோம். 1 சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டுடைய செப்புக் கம்பியில் 1 ஆம்பியர் நேர்திசை மின்னோட்டம் பாயும்போது, குறுக்குவெட்டை நொடிக்கு 6.24 × 10¹⁸ எதிர்மின்னிகள் கடக்கின்றன. ஆயினும் இழுப்புத் திசைவேகம் நொடிக்கு 0.074 மில்லிமீட்டர் மட்டுமே. ஒரு மீட்டரைக் கடக்க ஏறத்தாழ மூன்றே முக்கால் மணி நேரம் ஆகும். நத்தை இதனினும் விரைவாக ஊரும்.

இதே எதிர்மின்னிகள் நொடிக்கு ஏறத்தாழ 1,570 கிலோமீட்டர் வேகத்தில் எல்லாத் திசைகளிலும் விரைந்துகொண்டிருக்கின்றன. அணுக்களின் அதிர்வுகளாலும் மாசுகளாலும் அடிக்கடி சிதறடிக்கப்படுவதால், மின்புலத்தால் விளையும் நிகர நகர்வு மிகச் சிறிதாகிறது.

விளக்கு உடனே எரிவது ஏன்?

சொடுக்கியை இயக்கியதும் மின்புலம் ஒளியின் வேகத்தை ஒட்டிய வேகத்தில் சுற்று முழுவதும் பரவுகிறது. விளக்கின் இழையில் முன்னரே உள்ள எதிர்மின்னிகளே நகரத் தொடங்குகின்றன. குழாய்நீர் உவமையைக் கூறுவோர், குழாய் முன்பே நிரம்பியுள்ளதைப் பெரும்பாலும் கூறுவதில்லை.

மாறுதிசை மின்னோட்டம்

மேற்கூறிய கம்பியில் 50 ஏர்ட்சு அதிர்வெண்ணுடைய 1 ஆம்பியர் மாறுதிசை மின்னோட்டம் பாய்ந்தால், இழுப்பினால் எதிர்மின்னிகள் ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைவான தொலைவே முன்னும் பின்னும் அசைகின்றன.