கலைந்த கருவும் காலனிச் சட்டமும்

பூண்டுலோயாவின் மலைச்சரிவில் கொழுந்துக் கூடை சுமக்கும் பெண்ணொருத்திக்கு ஐந்தாம் மாதத்தில் கரு கலைந்துவிடுகிறதென்று கொள்வோம். அவ்விழப்பை நாட்டின் சட்டம் எவ்வாறு நோக்குகிறது?

1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டத்தின்படி, குழவி உயிரோடு பிறவாதவிடத்து 28 வாரம் கடந்தாலன்றி அது பிரசவமே ஆகாது. ஆகவே அச்சட்டத்தின்கீழ் அவளுக்குச் சம்பளமுமில்லை, ஓய்வுமில்லை. இந்தியாவிலோ 1961ஆம் ஆண்டுச் சட்டம் கருச்சிதைவுற்ற தொழிலாளிக்கு ஊதியத்துடன் 6 வார விடுப்புத் தந்தது.

கூலிக் கணக்கில் இடம்பெறாத அதே கரு, குற்றக் கணக்கில் மட்டும் இடம்பெறுகிறது. கோப்பி நோயுற்று மடிந்து தேயிலை வேர்விட்ட காலத்தில், 1883இல், வெள்ளையர் ஆட்சி இலங்கைக்குத் தண்டனைச் சட்டக் கோவையை இயற்றியது. 1860ஆம் ஆண்டின் இந்தியக் கோவையே அதற்கு மாதிரி. தாயின் உயிரைக் காக்கும் நல்லெண்ணத்தாலன்றி வேண்டுமென்றே கருவைச் சிதைப்போருக்கு 303ஆம் பிரிவு 3 ஆண்டு வரை சிறை விதிக்கிறது. சிசு அசையத் தொடங்கியிருப்பின் 7 ஆண்டு வரை. கர்ப்பிணியே செய்துகொண்டாலும் விலக்கில்லை. இறந்த சிசுவை இரகசியமாகப் புதைத்துப் பிறப்பை மறைப்பதை 309ஆம் பிரிவு குற்றமாக்குகிறது.

இதன் பூர்வீகம் இங்கிலாந்து. சிசுவின் மரணத்தை மறைத்த மணமாகாத தாய், அது இறந்தே பிறந்ததென்று ஒரு சாட்சியையேனும் கொணராவிடில் அவளுக்கு மரண தண்டனை என்றது 1624ஆம் ஆண்டுச் சட்டம். 1803இல் அது நீக்கப்பட்டபோது, மறைத்தல் தனிக் குற்றமாகச் சுருங்கியது. மணமானவளை அச்சட்டம் ஐயுறவில்லை என்பதையும் நாம் கவனிக்க வேண்டும்.

தானாகக் கலைந்த கருவுக்குத் தண்டனையில்லையே என்பர் சட்டம் கற்றோர். மெய்தான். ஆயினும் உதிரப்போக்கு தன் காரணத்தைச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. கலைந்ததா, கலைத்ததா என்று வைத்தியராலும் பல வேளை பிரித்தறிய இயலாது. லயத்தின் பின்புறம் நாணத்தோடு புதைப்பவளின் மௌனமே அவளுக்கெதிரான சாட்சியாகலாம். ஐயத்துக்கு அஞ்சி ஆஸ்பத்திரிக்குப் போகத் தயங்குபவளுக்கு உயிரே போகலாம்.

இது வீண் அச்சமன்று. எல் சல்வடோரில், மானுவேலா என்ற புனைபெயரால் அறியப்படும் ஏழைக் கிராமத்துப் பெண் சிசுவை இழந்து ஆஸ்பத்திரிக்குச் சென்றாள். வைத்தியரே அவளைப் பொலிஸில் காட்டிக்கொடுத்தார். 2008இல் 30 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. 2010இல் புற்றுநோயால் காவலிலேயே மாண்டாள். அதற்கு அரசே பொறுப்பென்று அமெரிக்க நாடுகளிடை மனித உரிமை நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்தது. நோயாளியின் இரகசியத்தைக் காக்க விதி செய்யுமாறும் பணித்தது.

நாம் வேண்டுவதும் அத்தகைய விதியே: கருவை இழந்தவள்மீது வழக்கில்லை, சிகிச்சை அளிப்போர் அவளைக் காட்டிக்கொடுக்கலாகாது என்று சட்டத்திலேயே எழுதப்பட வேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் எப்பெண்ணும் தன் கருவின் பொருட்டு வழக்குக்கு உள்ளாகலாகாதென 2025 ஜூனில் பிரித்தானிய மக்கள் சபை 379க்கு 137 என்ற வாக்குகளால் முடிவு செய்தது. அவர்கள் இங்கே விட்டுச் சென்ற 303உம் 309உம் கோவையில் அப்படியே நிற்கின்றன.