மன்னார்க் கோட்டையின் ஆயுதக் களஞ்சியம்

பெருநிலத்திலிருந்து பாலத்தைக் கடந்து மன்னார்த் தீவை அடைவோரின் கண்ணில் முதலிற் படுவது பழைய கோட்டை. நான்கு கொத்தளங்களும் அகழியும் கொண்ட அக்கோட்டையைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் முத்துக்குளிப்பையே பேசுவர். தாய்நாட்டிலிருந்து பல்லாயிரம் மைல் தொலைவில், போர் மூளுமுன்னரே படைக்கலங்களைச் சேமித்து வைக்கும் இடமாகவும் அது இருந்தது. அதைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன்.

1560இல் போர்த்துக்கேயர் இதனைக் கட்டினர். 1658இல் ஒல்லாந்தர் முதலில் மன்னாரையும், பின்னர் யாழ்ப்பாணத்தையும் கைப்பற்றினர். 1696இல் கோட்டையைத் திருத்திக் கட்டினர். ஒல்லாந்திலிருந்து கப்பல் வந்துசேரப் பல மாதங்களாகும். ஆகவே பகைவன் வருமுன்னரே பீரங்கியும் குண்டும் வெடிமருந்தும் இங்கே காத்திருக்க வேண்டும் என்பதே கணக்கு.

அவற்றைக் கண்காணித்தவர் யார்? மன்னார் யாழ்ப்பாணத்திற்கும், யாழ்ப்பாணம் கொழும்பிற்கும், கொழும்பு பத்தாவியாவிற்கும் பதில் சொல்லவேண்டும். அனைத்திற்கும் மேலே ஒல்லாந்திலிருந்த கும்பனியின் இயக்குநர்கள். பதவி விலகும் அதிகாரி தமக்குப் பின் வருவோருக்கு விரிவான குறிப்பு எழுதிவைப்பது வழக்கம். யாழ்ப்பாணத்தில் பவிலியோன் 1665இலும், ஸ்வார்டெக்ரோன் 1697இலும் எழுதியவை இன்றும் நமக்குக் கிடைக்கின்றன.

ஏட்டில் பீப்பாய்களை எண்ணிவிடலாம். உள்ளிருக்கும் மருந்து கடற்காற்றில் ஈரமேறியதா, பீரங்கி வண்டியின் மரம் உளுத்ததா என்பதை நேரில் சோதித்தே அறியமுடியும். அவற்றை இயக்கும் வீரன் எவருக்காகப் போரிடுவான் என்பதை எந்தப் பேரேடும் சொல்லாது.

1795இல் அக்கேள்விக்கு விடை கிடைத்தது. பிரெஞ்சுப் படையால் நாட்டைவிட்டு வெளியேறி இங்கிலாந்தில் தஞ்சம் புகுந்த ஒல்லாந்துத் தலைவர் ஐந்தாம் வில்லியம், குடியேற்றங்களை ஆங்கிலேயரிடம் ஒப்படைக்குமாறு கடிதம் எழுதினார். ஆகஸ்ட் இறுதியில் திருகோணமலை வீழ்ந்தது. செப்டெம்பர் 28இல் யாழ்ப்பாணமும், அக்டோபர் 5இல் மன்னாரும் சரணடைந்தன. கும்பனியிடம் கூலிக்குப் பணியாற்றிய சுவிஸ் நாட்டு மெரோன் படைப்பிரிவு, ஊதியப் பேரத்தின் பின் ஆங்கிலேயர் பக்கம் சென்றது. 1796 பெப்ரவரியில் கொழும்பும் பணிந்தது. நூற்றுமுப்பத்தேழு ஆண்டுகள் காத்த களஞ்சியம், மன்னாரை உரியவனுக்குக் காத்துக் கொடுக்கவில்லை.

இது பழங்கதையன்று. குவைத்தில் அமெரிக்கா முன்கூட்டியே குவித்து வைத்த தளவாடங்களில் இருந்து உக்ரைனுக்கென ஒதுக்கப்பட்ட ஆறு பீரங்கிகளும் களத்திற்கு ஏற்ற நிலையில் இருக்கவில்லை என்று, அந்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் தலைமைக் கண்காய்வாளரே 2023இல் அறிக்கை வெளியிட்டார். செயற்கைக்கோளும் கணினியும் உள்ள காலத்திலேயே இந்த நிலை.

இதில் நம்மவர் கருதவேண்டியது ஒன்றுண்டு. அந்நியர் தம் ஆயுதங்களைக் கொண்டுவந்து வைக்கும் கரை, அவர்களுடைய பகைவருக்கும் குறியாகிவிடுகிறது. களஞ்சியத்தின் கணக்கு கடல் கடந்து போய்விடும். அதன் விளைவோ கரையில் வாழ்பவனிடமே தங்கிவிடும். மன்னாரில் மூன்று கொடிகள் மாறின. ஒருமுறையேனும் அம்மக்களின் விருப்பத்தை எவரும் கேட்கவில்லை.