மகளுக்கு ஆன்லைனில் சாஃப்ட்பால் பிட்சிங் பயிற்சியா? பணம் கட்டும் முன் வீச்சுகளை எண்ணுங்கள்

டெக்சாஸிலோ நியூ ஜெர்சியிலோ இருக்கும் அக்கா வீட்டுக்கு வீடியோ கால் போட்டால், இந்தக் காட்சி ஒருமுறையாவது உங்கள் கண்ணில் பட்டிருக்கும். வீட்டு முன்னால் கார் நிறுத்தும் இடம். ட்ரைபாடில் ஒரு மொபைல். கவிழ்த்துப் போட்ட பக்கெட் மேல் மாமா உட்கார்ந்திருக்கிறார், கையில் பெரிய கிளவுஸ். எதிரே பதினோரு வயது மகள் கையைக் காற்றாலை மாதிரி ஒரு முழுச் சுற்று சுற்றி, இடுப்புக்குப் பக்கத்தில் இருந்து பந்தை விடுகிறாள். மொபைலில் பதிவானது அன்று ராத்திரியே வேறொரு மாநிலத்தில் இருக்கும் கோச்சுக்குப் போய்விடும்.

இதுதான் ஆன்லைன் சாஃப்ட்பால் பிட்சிங் பயிற்சி. அமெரிக்காவில் முன்பே இருந்ததுதான். 2020 ஊரடங்கில் மைதானங்கள் மூடப்பட்டதும் வேகம் பிடித்தது. இப்போது அங்கே நல்ல பணம் புரளும் தொழில். இந்தியாவில் இருந்தும் இந்த வீடியோக்களைப் பார்த்துக் கற்கிறார்கள். இங்கே சாஃப்ட்பால் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பின் போட்டிகளில் உண்டு, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிகளில் உண்டு, மத்திய அரசு வேலைக்கான விளையாட்டு ஒதுக்கீட்டுப் பட்டியலிலும் உண்டு. ஆனால் பிட்சிங்கை மட்டும் தனியாகச் சொல்லிக்கொடுக்க ஆள் கிடைப்பது அரிது. வாலிபால், கபடி, கோ-கோ எல்லாவற்றையும் ஒருவரே பார்க்கும் பி.டி. மாஸ்டரிடம் ‘ட்ராப் பால் எப்படி சார்?’ என்று கேட்டால் அவரும் யூடியூபைத்தான் திறப்பார். அவர்மேல் தப்பில்லை.

முதலில், அந்த வீச்சு என்ன?

பெயரில் ‘சாஃப்ட்’ இருக்கிறதே தவிர பந்து மெத்தென்று இருக்காது. 12 அங்குலச் சுற்றளவு, கிட்டத்தட்ட 180 முதல் 200 கிராம் எடை. ஆண்கள் கிரிக்கெட் பந்தே 163 கிராமைத் தாண்டாது. கிரிக்கெட் பிட்ச் 66 அடி என்றால், இங்கே பெண்கள் ஆட்டத்தில் பிட்சருக்கும் ஹோம் பிளேட்டுக்கும் இடையே 43 அடிதான். அதிலும் ஓர் எட்டு முன்னால் பாய்ந்துதான் பந்தை விடுவார்கள். மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் பந்து வந்தால், அடிப்பவருக்கு 0.4 விநாடிகூட இல்லை. அமெரிக்காவின் மோனிகா ஆபட் 2012ல் 77 மைல், அதாவது 124 கிலோமீட்டர் வேகத்தில் வீசியது நம்மூர் மீடியம் பேஸர் வேகம். அதுவும் ஓடிவராமல், கீழ்க்கையில்.

சின்னப் பிள்ளைகளுக்கு அளவு மாறும். அமெரிக்காவில் 10 வயதுக்கு உட்பட்டோருக்கு 35 அடியும் 11 அங்குலப் பந்தும். 12 வயதுக்கு உட்பட்டோருக்கு 40 அடியும் 12 அங்குலப் பந்தும் பொதுவான அளவு. நீங்கள் பார்க்கும் கோர்ஸ் எந்த வயதுக்கு, எத்தனை அடிக்கு என்று சொல்லாமல் ‘எல்லோருக்கும்’ என்று மட்டும் போட்டிருந்தால், அங்கேயே ஒரு சந்தேகம் வரட்டும்.

கோர்ஸ் என்ற பெயரில் விற்பது

ஒரே பெயரில் மூன்று வேறு சரக்கு விற்கிறது. ஒன்று, பதிவு செய்த வீடியோக்களின் தொகுப்பு: சந்தா கட்டினால் எத்தனை முறை வேண்டுமானாலும் பார்க்கலாம், ஆனால் உங்கள் பிள்ளையை யாரும் பார்க்க மாட்டார்கள். இன்னொன்று, நீங்கள் வீடியோ அனுப்ப, கோச் அதன் மேல் கோடு போட்டு, குரல் பதிந்து திருப்பி அனுப்புவது. மூன்றாவது, நேரலையில் ஒருவருக்கு ஒருவர். விலை இதே வரிசையில் ஏறும். என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் கொடுத்த காசுக்கு மதிப்புள்ளது. நேரலையில் படம் நடுங்கும். கை எங்கே இருக்கிறது என்றே தெரியாது.

காரணம் எளிது. கை தலைக்கு மேல் உச்சியில் இருந்து இறங்கிப் பந்தை விடுவதற்கு ஆகும் நேரம் ஏறக்குறைய 0.1 விநாடி. விநாடிக்கு 30 படம் எடுக்கும் சாதாரண வீடியோவில் அதற்குள் மூன்று படம்தான் விழும். இன்றைய மொபைல்களில் உள்ள 240 படம் ஸ்லோ மோஷனில் 24 படம் கிடைக்கும். வீச்சின் கதை முழுக்க அந்த 24 படங்களில்தான் இருக்கிறது. அதனால் வீடியோ அனுப்பும்போது ஸ்லோ மோஷன் கட்டாயம். வீசும் கை இருக்கும் பக்கவாட்டில் இருந்து ஒன்று, பின்னால் இருந்து ஒன்று. நல்ல வெயிலில் எடுங்கள். சாயங்காலம் மாடி விளக்கில் எடுத்தால் கை வெறும் புகை மாதிரிதான் பதிவாகும்.

‘ஹலோ எல்போ’ சண்டை

இந்தத் துறையில் ஆன்லைன் செய்த உருப்படியான வேலை ஒன்று உண்டு. அது ஒரு பழைய பாடத்தைக் கேள்வி கேட்டது.

பல ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்டது இது: பந்தை விடும்போது மணிக்கட்டை வெடுக்கென்று சுண்டு, விட்டதும் கையை மடக்கி மேலே தூக்கு, முழங்கை கேட்சரைப் பார்த்து ‘ஹலோ’ சொல்ல வேண்டும். பெயரே ‘ஹலோ எல்போ’. ஒலிம்பிக்கில் வீசியவர்கள்கூட முகாம்களில் இதைத்தான் சொன்னார்கள். பிறகு சிலர் அதே வீராங்கனைகளின் ஆட்ட வீடியோவை ஸ்லோ மோஷனில் ஓட்டிப் பார்த்தார்கள். சொன்னது ஒன்று, செய்தது வேறு! கை இறங்கும்போது முழங்கை லேசாக மடங்கியிருக்கிறது. முன்கை இடுப்பு ஓரத்தில் உரசுகிறது. அந்த நொடியில் பூட்டில் சாவி திருப்புவது போல முன்கை உள்பக்கமாகத் திரும்புகிறது. சாட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். பிடி சட்டென்று நின்றால்தான் நுனி சீறும். இடுப்பில் உரசும் இடத்தில் மேற்கை வேகம் குறைய, அந்த வேகம் முன்கைக்கும் விரலுக்கும் போகிறது. இதை ‘இன்டர்னல் ரொட்டேஷன்’ என்கிறார்கள்.

திறமையானவர்கள் தாங்கள் செய்வது என்ன என்று தெரியாமலே செய்துவிடுவார்கள். நம் பாட்டி ‘ஒரு சிட்டிகை உப்பு’ என்று சொல்லிவிட்டு ஒரு கை அள்ளிப் போடுவது மாதிரிதான். எனவே ‘முன்னாள் தேசிய வீராங்கனை நடத்தும் கோர்ஸ்’ என்ற ஒரே தகுதியில் மயங்க வேண்டாம். மாதிரி வீடியோவில் அவர் சொல்லிக்கொடுப்பதையும், அவரே ஆட்டத்தில் வீசியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் பொருந்துகிறதா? அதற்குக் கோச்சாக இருக்க வேண்டியதில்லை.

விளம்பரங்களில் இன்னும் இரண்டைக் கவனியுங்கள். ‘இத்தனை வாரத்தில் இத்தனை மைல் வேகம் கூடும்’ என்பது ஒன்று. 11, 12 வயதில் பிள்ளை உயரமாகிறாள், எடை கூடுகிறது. வேகம் தானாகவே ஏறும், பெயர் கோர்ஸுக்குப் போகும். இன்னொன்று ரைஸ் பால். சின்னப் பிள்ளைகளுக்கும் அதை முதல் மாதமே கற்றுத்தருவதாகச் சொல்வார்கள். அது மேலெழும்புவது போலத் தோன்ற, பந்து பின்னோக்கிச் சுழல வேண்டும். சுழற்சியை அளக்கும் கருவிகள் வந்த பிறகு தெரிந்தது, ரைஸ் பால் என்று வீசப்படுவதில் பெரும்பாலானவை துப்பாக்கித் தோட்டா போலத்தான் சுழல்கின்றன. வளர்ந்தவர்களுக்கே அப்படி. பத்து வயதில் நேரான வேகப்பந்தும் ஒரு சேஞ்ச்-அப்பும் ஒழுங்காக வந்தாலே பெரிய விஷயம்.

வீடியோவின் தேதியும் முக்கியம். அமெரிக்கக் கல்லூரி ஆட்டங்களில் பிட்சரின் இரண்டு கால்களும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழும்பினால் முன்பு தவறு. 2024 சீசனில் இருந்து அது சரி. ஆனால் எழும்பி வேறிடத்தில் காலை ஊன்றி, அங்கிருந்து மறுபடி உந்தி வீசுவது இப்போதும் தவறுதான். பழைய வீடியோ பழைய விதியைத்தான் சொல்லும்.

யாரும் எண்ணாத வீச்சுகள்

இனி விஷயத்துக்கு வருவோம். ‘கீழ்க்கை வீச்சு இயற்கையானது, தோளுக்கு ஒன்றும் ஆகாது’ என்று நீண்ட காலமாக ஒரு நம்பிக்கை. பேஸ்பாலில் சிறுவர்கள் எத்தனை பந்து வீசலாம் என்பதற்குக் கட்டுப்பாடு உண்டு. 2017ல் இருந்து அமெரிக்காவின் ஒவ்வொரு மாநில உயர்நிலைப் பள்ளி அமைப்பும் அதற்கு விதி வைத்தாக வேண்டும். பக்கத்து மைதானத்தில் சாஃப்ட்பால் வீசும் பெண் பிள்ளைகளுக்கு அப்படி ஒரு தேசிய விதி வரவில்லை.

ஆய்வுகள் சொல்வதோ வேறு. இந்த வீச்சில் தோள்மூட்டை வெளியே இழுக்கும் விசை கிட்டத்தட்ட உடல் எடை அளவுக்குப் போகிறது. இளம் பிட்சர்களிடமும் அப்படித்தான். மேல்கை வீச்சை விட பைசெப்ஸ் தசைக்கு இங்கே வேலை அதிகம். அதனால்தான் சாஃப்ட்பால் பிட்சருக்குத் தோளின் முன்பக்கம் வலிக்கிறது.

2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஜப்பானின் யுகிகோ உவேனோ இரண்டு நாளில் மூன்று ஆட்டம், 413 பந்து வீசித் தங்கம் வாங்கித் தந்தார். 2021ல் டோக்கியோவில், 39 வயதில், மறுபடியும் தங்கம். பிள்ளைகளுக்குச் சொல்ல அருமையான கதை. ஆனால் அவர் வளர்ந்த வீராங்கனை. நம் வீட்டுப் பிள்ளையின் எலும்பு இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது.

அமெரிக்க விளையாட்டு மருத்துவர்களின் பரிந்துரை ஒன்று உண்டு. 10 முதல் 12 வயது வரை ஓர் ஆட்டத்துக்கு 65 வீச்சு, ஒரு நாளைக்கு 95, இரண்டு நாள் தொடர்ந்து வீசினால் மூன்றாம் நாள் கிடையாது. 13, 14 வயதில் ஆட்டத்துக்கு 80, நாளைக்கு 115. இது பரிந்துரை மட்டும்தான். நடுவர் யாரும் வந்து நிறுத்தப் போவதில்லை.

இப்போது ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். ஆன்லைன் கோர்ஸ் சொன்னபடி வாரம் நாலு நாள், நாளைக்கு 60 வீச்சு: 240. கிளப் பயிற்சி இரண்டு நாள், ஐம்பது ஐம்பது: 100. சனி, ஞாயிறு இரண்டு ஆட்டம்: 130. மொத்தம் 470. ஆன்லைன் கோச்சுக்கு அவருடைய 240 மட்டும்தான் தெரியும். கிளப் கோச்சுக்கு அவருடைய 230. ரெண்டு பேரும் நல்லவர்கள்தான், ரெண்டு பேரும் தங்கள் அளவில் கவனமாகத்தான் இருக்கிறார்கள். 470 என்ற எண்ணை மட்டும் யாரும் பார்க்கவில்லை. அதைப் பார்க்கக்கூடிய ஒரே ஆள் பக்கெட் மேல் உட்கார்ந்திருக்கும் அந்த மாமா.

எனவே கோர்ஸ் நடத்துபவரிடம் முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: ‘என் பொண்ணு கிளப்லயும் வீசுறா. இந்த வாரம் இவ்வளவு வீசிட்டா. உங்க பயிற்சியை எவ்வளவு குறைக்கணும்?’ உடனே எண்ணிக்கையைக் கேட்டு, பந்தில்லாத பயிற்சிக்கோ கால், இடுப்புப் பயிற்சிக்கோ மாற்றிக் கொடுத்தால் நல்ல ஆள். ‘கவலைப்படாதீங்க, இது சேஃப்’ என்று மட்டும் சொன்னால் வேறு இடம் பாருங்கள். தோளின் முன்பக்கத்திலோ முன்கையிலோ வலி என்று பிள்ளை சொன்னால் அன்றைக்குப் பந்தைத் தொட வேண்டாம். வலி தொடர்ந்தால் போக வேண்டியது எலும்பு மருத்துவரிடம்; கோச்சுக்கு வீடியோ அனுப்பிக் காரணம் கேட்காதீர்கள்.

கோச்சும் பிள்ளையும் பேசிக்கொள்வது

கணக்கு உங்கள் பெயரில், உங்கள் இமெயிலில் இருக்கட்டும். அமெரிக்காவில் ‘சேஃப்ஸ்போர்ட்’ மையத்தின் விதிப்படி, அதற்குக் கீழ் வரும் கோச் ஒருவர் மைனர் பிள்ளையோடு தனியாக மெசேஜில் பேசக்கூடாது. பெற்றோரோ இன்னொரு பெரியவரோ அதில் இருக்க வேண்டும். தனியாகக் கோர்ஸ் விற்பவர் எல்லோரும் அந்த விதிக்குள் வருவதில்லை என்பதால், அதை நீங்களே நிபந்தனையாக வையுங்கள். அனுப்பும் வீடியோவை விளம்பரத்துக்குப் பயன்படுத்துவார்களா என்பதும் ஒப்பந்தத்தில் எங்கேயோ பொடி எழுத்தில் இருக்கும். இந்தியாவின் 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழ் உள்ளவரின் தகவலுக்குப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. ‘ஒப்புக்கொள்கிறேன்’ பட்டனை மகள் அமுக்கினால் போதாது.

இந்தியாவில் இருந்து சேர்ந்தால்

நேர வித்தியாசம் காரணமாக நேரலை வகுப்பு பெரும்பாலும் விடிகாலையிலோ நடுராத்திரியிலோ வரும். வீடியோ அனுப்பித் திருத்தம் வாங்குவதுதான் நடைமுறைக்குச் சரி. கிரிக்கெட் வீசிப் பழகிய பிள்ளை என்றால் அதை முதலிலேயே கோச்சிடம் சொல்லிவிடுங்கள். முழங்கையை நீட்டியே வைக்கப் பழகிய கை, இந்தச் சாட்டை அசைவுக்கு வர நாள் பிடிக்கும். பி.டி. மாஸ்டரையும் சேர்த்துக்கொள்ளுங்கள், திருத்த வீடியோ வந்ததும் அவருக்கும் அனுப்புங்கள். இல்லையென்றால் காலையில் ஒருவர் ‘கையைத் தூக்கு’ என்பார், மாலையில் இன்னொருவர் ‘தூக்காதே’ என்பார்.

வருடச் சந்தாவில் தள்ளுபடி என்று ஆசை காட்டுவார்கள். முதலில் ஒரே ஒரு மாதம் கட்டுங்கள். ஒரு வீடியோ அனுப்பி, எத்தனை நாளில் பதில் வருகிறது, பதில் உங்கள் பிள்ளையைப் பற்றியதா அல்லது எல்லோருக்கும் அனுப்பும் ஒரே பதிலா என்று பாருங்கள். கூடவே நாற்பது பக்க நோட்டு ஒன்று. தேதி, எங்கே வீசினாள், எத்தனை வீச்சு, வலி உண்டா இல்லையா. நாலு கட்டம் போதும்.