ஓடுகிறது, சூடாகவில்லை: மைக்ரோவேவ் அடுப்பின் ஒரு கோளாறு பற்றிய ஆய்வு

1. பொருளும் எல்லையும்

விளக்கு எரிகிறது, தட்டு சுழல்கிறது, காற்றாடி இரைகிறது, நேரம் முடிந்ததும் மணியும் அடிக்கிறது. உள்ளே வைத்த சாம்பார் மட்டும் வைத்தபடியே ஆறிக் கிடக்கிறது. பழுதுபார்க்கும் இடங்களில் இதற்கு உடனே கிடைக்கும் பதில், "மேக்னட்ரான் போயிருக்கும்" என்பது. சில சமயம் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் சோதிக்காமல் சொல்லும்வரை அது ஊகமே. இந்த அறிகுறிக்கு ஏழெட்டுக் காரணங்கள் உண்டு. அவற்றில் பல, மேக்னட்ரானின் விலையில் சிறு பகுதிகூட ஆகாத உதிரிப்பாகங்களைச் சார்ந்தவை.

"ஓடுகிறது, ஆனால் சூடாகவில்லை" என்பதைக் குறையாகக் கேட்காமல் தகவலாகக் கேட்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம். எந்தப் பாகங்கள் நலமாக இருக்கின்றன என்பதை அந்த ஒரு வாக்கியமே சொல்லிவிடுகிறது. மின்சாரம் வருகிறது, முதன்மை பியூஸ் அறுந்துபோகவில்லை, கட்டுப்பாட்டுப் பலகை விழித்திருக்கிறது. ஆகவே தேடவேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிட்டது. இங்கே பெரும்பாலும் 230 வோல்ட்டில் இயங்கும், கனமான டிரான்ஸ்ஃபார்மர் கொண்ட வீட்டு அடுப்புகளையே பேசுகிறேன்.

2. சூடு பிறக்கும் வழி

1940இல் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜான் ராண்டலும் ஹாரி பூட்டும் உருவாக்கிய, மைக்ரோவேவ் அலை எழுப்பும் குழலான குழிவு மேக்னட்ரான் ரேடாருக்கானது. 1945இல் ரேதியான் நிறுவனப் பொறியாளர் பெர்சி ஸ்பென்சர் அதே அலையால் உணவைச் சூடாக்கக் காப்புரிமை கோரினார். சமையலறைக்கு வந்த பின்பும் அந்தக் குழலின் இயல்பு மாறவில்லை. இயங்க அதற்கு ஆயிரக்கணக்கான வோல்ட் வேண்டும்.

அதைத் தருவது மூன்று பாகங்களின் கூட்டு. டிரான்ஸ்ஃபார்மர் வீட்டு மின்சாரத்தைச் சுமார் 2,000 வோல்ட்டுக்கு உயர்த்துகிறது. ஏறத்தாழ 1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் உயர் அழுத்த டயோடும் சேர்ந்து அதை இரட்டித்து 4,000 வோல்ட்டை நெருங்கச் செய்கின்றன. டிரான்ஸ்ஃபார்மரின் இன்னொரு சிறு சுற்று, மேக்னட்ரானின் இழையைக் காய்ச்ச மூன்று வோல்ட் சொச்சத்தில் 10 ஆம்பியர் அளவுக்கு மின்னோட்டம் தருகிறது. இழை காய்ந்து, அழுத்தமும் வந்தால் 2,450 மெகாஹெர்ட்ஸ் அலை பிறக்கும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் பிறக்காது.

விளக்கு, காற்றாடி, தட்டின் மோட்டார் ஆகிய எவையும் இந்த வழியில் இல்லை. அவை ஓடுவதால் மட்டும் அடுப்பு நலமென்று சொல்ல முடியாததற்கு இதுவே காரணம்.

3. திருகைத் தொடும் முன்

3.1 கோளாறே இல்லாத நிலைகள்

சில மாடல்களில் கடைக் காட்சிக்கான டெமோ நிலை உண்டு. அதில் எல்லாம் ஓடும், அலை மட்டும் பிறக்காது. குறைந்த பவரில் வைத்தால் டிரான்ஸ்ஃபார்மர் அடுப்புகள் அலையை விட்டுவிட்டே தரும். அரை நிமிடம் பார்த்துவிட்டு முடிவுக்கு வரக் கூடாது. கன்வெக்‌ஷன் அடுப்புகளில் குழப்பம் வேறு விதம். கேக் நன்றாக வேகும், கிரில் சிவக்கும், மைக்ரோவேவ் மட்டும் வேலை செய்யாது. முதலிரண்டும் சூட்டுக் கம்பியால் நடப்பவை, மேக்னட்ரானுக்கு அவற்றோடு தொடர்பில்லை.

கத்திரி வெயில் காலத்து மாலையில் மின்னழுத்தம் இறங்கும் தெருக்களில் இன்னொரு காரணமும் உண்டு. வோல்ட் இறங்கினால் இழையும் சரியாகக் காயாது, உயர் அழுத்தமும் குறையும். மிகவும் இறங்கினால் அலை பிறப்பதே நின்றுபோகும். காலையில் சூடாக்கி மாலையில் மறுக்கும் அடுப்பென்றால் முதலில் சுவர் பிளக்கின் வோல்ட்டை அளக்க வேண்டும்.

3.2 தண்ணீர்ச் சோதனை

ஒரு லிட்டர் குளிர்ந்த நீரின் வெப்பநிலையைக் குறித்துக்கொண்டு, முழு பவரில் இரண்டு நிமிடம் வைத்து, கலக்கிவிட்டு மறுபடி அளக்கவும். ஏறிய பாகையை 35ஆல் பெருக்கினால் நீருக்குள் போன திறன் ஏறத்தாழ வாட்டில் கிடைக்கும். 20 பாகை ஏறினால் 700 வாட். பாத்திரமும் கொஞ்சம் உறிஞ்சுவதால் இது சற்றுக் குறைத்தே காட்டும்.

இந்தச் சோதனையை வற்புறுத்தக் காரணம் உண்டு. "சூடாகவில்லை" என்று சொல்பவர்களில் சிலருக்கு உண்மையில் பாதிச் சூடு வருகிறது. பாதி என்றால் தளர்ந்த மேக்னட்ரானையோ குறைந்த வோல்ட்டையோ சந்தேகிக்கலாம். சுழி என்றால் வழியில் எங்கோ முழுமையான துண்டிப்பு.

3.3 காதும் வாட் மீட்டரும்

அலை பிறக்கும் நேரத்தில் டிரான்ஸ்ஃபார்மர் ஒரு தடித்த ரீங்காரம் எழுப்பும். விளக்கும் இலேசாக மங்கும். அந்த ரீங்காரமே எழாவிட்டால் டிரான்ஸ்ஃபார்மருக்கு மின்சாரம் போகவில்லை. கதவு ஸ்விட்ச், ரிலே, வெப்பத் துண்டிப்பான் ஆகியவை சந்தேகத்துக்குரியவை. மெல்லிய ரீங்காரம் மட்டும் எழுந்தால் மின்சாரம் போகிறது, செலவாகவில்லை. இழை அறுந்த மேக்னட்ரான், திறந்துபோன டயோடு அல்லது கெப்பாசிட்டர், சில மாடல்களில் இருக்கும் உயர் அழுத்த பியூஸ் ஆகியவற்றில் ஒன்றாக இருக்கலாம். வழக்கத்தைவிட உரத்த உறுமல் கேட்டால் உயர் அழுத்தப் பகுதியில் எங்கோ ஷார்ட். உடனே நிறுத்திவிட வேண்டும்.

பிளக்கில் செருகும் வாட் மீட்டர் இருந்தால் ஊகம் இன்னும் குறையும். 800 வாட் தரும் அடுப்பு சுவரிலிருந்து 1,200 வாட்டுக்கு மேல் இழுக்கும். அது சில நூறு வாட்டைக்கூட எட்டவில்லையென்றால் மேக்னட்ரான் திறனை இழுக்கவில்லை.

4. மூடிக்கு உள்ளே

4.1 அபாயம்

மின்கருவிப் பழுதில் பயிற்சி இல்லாதவர் இந்த எல்லையோடு நின்றுவிட வேண்டும். பிளக்கைப் பிடுங்கிய பின்பும் கெப்பாசிட்டரில் ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கலாம். அதை வடிக்க உள்ளேயே ஒரு மின்தடை உண்டு, ஆனால் அதுவும் பழுதாகும். பயிற்சி பெற்றவர் தொடுமுன் அதைத் தாமே வெறுமையாக்கிச் சரிபார்ப்பார். ஓடும் அடுப்பில் உயர் அழுத்தத்தை மீட்டர் வைத்து அளக்க அவரும் முயலக் கூடாது. அங்கே தவறினால் கைக்குக் கிடைப்பது சிறு அதிர்ச்சி அன்று, மரணம். கீழே வரும் சோதனைகள் எல்லாம் பிளக் கழற்றி, கெப்பாசிட்டர் வெறுமையான நிலைக்கு உரியவை.

4.2 கதவு ஸ்விட்சுகள்

கதவின் கொக்கிகளுக்குப் பின்னால் பொதுவாக மூன்று சிறு ஸ்விட்சுகள் இருக்கும். ஓடிக்கொண்டிருக்கும்போதே கதவைத் திறக்கும் பழக்கம் அவற்றின் முனைகளில் பொறி எழுப்பிக் கருக்குகிறது. நிறுத்து பொத்தானை அழுத்திவிட்டுத் திறந்தால் அவை நெடுநாள் உழைக்கும். கருகிய ஸ்விட்சை மாற்றலாம், கம்பியால் இணைத்துத் தாண்டிச் செல்வது மட்டும் கூடாது. திறந்த கதவோடு அலை பாயாமல் காப்பவை அவைதான்.

4.3 டயோடு

நலமான உயர் அழுத்த டயோடை மல்டிமீட்டரில் வைத்தால் இரு பக்கமும் திறந்ததாகவே காட்டும். உள்ளே பல சந்திகள் தொடராக இருப்பதால் மீட்டரின் சிறு வோல்ட் அதைத் திறக்காது. எனவே நல்லதைக் கெட்டதென்று எறிவதும், அறுந்ததை நல்லதென்று விடுவதும் நடக்கின்றன. 9 வோல்ட் பேட்டரியைத் தொடராக இணைத்துப் பார்த்தால் ஒரு திசையில் வோல்ட் கடக்கும், மறு திசையில் கடக்காது.

4.4 மேக்னட்ரானும் அதன் முனைகளும்

இழையின் இரு முனைகளுக்கிடையே ஓர் ஓமுக்கும் குறைவாகவும், முனைக்கும் உடலுக்கும் இடையே தொடர்பே இல்லாமலும் இருக்க வேண்டும். உடலோடு தொடர்பு காட்டினால் குழல் முடிந்தது.

பலரும் பார்க்கத் தவறுவது, இழை முனைகளில் செருகும் இணைப்பிகளை. வெறும் மூன்று வோல்ட் சொச்சத்தில் 10 ஆம்பியர் பாயும் இடம் அது. செருகி தளர்ந்து அரை வோல்ட் அங்கே வீணானாலே இழை போதிய அளவு காயாது. தளர்ந்த செருகி சூடாகும், கருகும், கருகியதால் மேலும் தளரும். மேக்னட்ரானை மாற்றும்போது பழைய செருகிகளைக் கழற்றிப் புதிதில் இறுக்கமாக மாட்டுகிறார்கள், அடுப்பு சூடாகிறது, பழி பழைய குழலின் மேல் விழுகிறது. உண்மையில் குணமாக்கியது அந்த இறுக்கமாக இருக்கலாம். செருகியை முதலில் சுத்தம்செய்து இறுக்கிச் சோதிக்காத வரை, மாற்றிய பின் சூடானது என்பது மேக்னட்ரான் கெட்டதற்குச் சான்றாகாது. கருகிய செருகியை அப்படியே விட்டால் புதிய குழலும் விரைவில் அதே நிலைக்கு வரும்.

மாற்றுவது உறுதியானால், குழலின் வாயைச் சுற்றியுள்ள கம்பிவலை வளையம் நெளியாமல் உட்கார வேண்டும். அலை கசியாமல் தடுப்பது அது. வேலை முடிந்ததும் கதவோரத்தில் கசிவு மீட்டரால் அளக்க வேண்டும். 5 செ.மீ. தொலைவில் சதுர செ.மீ.க்கு 5 மில்லிவாட் என்பது வரம்பு. உள்ளே கைப்பேசியை வைத்து அழைத்துப் பார்ப்பது இதற்கு ஈடாகாது.

5. இன்வெர்ட்டர் அடுப்புகள்

இவற்றில் கனமான டிரான்ஸ்ஃபார்மருக்குப் பதில், உயர் அதிர்வெண்ணில் இயங்கும் சிறு டிரான்ஸ்ஃபார்மர் கொண்ட மின்னணுப் பலகை இருக்கும். ஆகவே ரீங்காரத்தை வைத்துச் சொன்னவை இங்கே பொருந்தா. பல மாடல்களில், மேக்னட்ரான் மின்னோட்டம் இழுக்கவில்லை என்று பலகை உணர்ந்தால் அடுப்பே அரை நிமிடத்துக்குள் தானாக நின்றுவிடும். கதவு ஸ்விட்ச், இழை, செருகி ஆகியவற்றின் சோதனைகள் மாறுவதில்லை. அவை எல்லாம் நலமென்று தெரிந்த பிறகே பலகையைச் சந்தேகிக்க வேண்டும். அதைப் பெரும்பாலும் முழுதாகவே மாற்றுகிறார்கள். அந்தப் பலகையின் விலையைப் புதிய அடுப்பின் விலையோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் பழுதுபார்ப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.