கைமுதல் எவ்வளவு?

கடை போடக் கடன் கேட்டு யார் வந்தாலும் என் அம்மா முதலில் கேட்பாள்: “உன் கைமுதல் எவ்வளவு?”

2006இல் அமெரிக்க வைப்புநிதிக் காப்பீட்டுக் கழகத்தின் தலைவரான ஷீலா பேர் வங்கிகளிடம் கேட்டதும் இதைத்தான். பாசல் 2 விதிகள், பெரிய வங்கிகள் தம் ஆபத்தைத் தாமே கணக்கிட்டு அதற்கேற்ப மூலதனம் வைத்துக்கொள்ள இடம் தந்தன. தேர்வு எழுதியவரே விடைத்தாளைத் திருத்துவதுபோல. கணக்கு என்ன சொன்னாலும் மொத்தச் சொத்தில் இத்தனை பங்கு சொந்தப் பணம் இருக்கவேண்டும் என்ற எளிய விதியை அவர் கைவிடவில்லை. பெரிய வங்கிகள் அதை முரட்டு அளவுகோல் என்றன.

2008இல் வங்கிகள் சரிந்தன. 70,000 கோடி டாலர் மீட்புத் திட்டம் வந்தது. வீடிழப்பவர்களின் கடனையும் திருத்தியமையுங்கள் என்று வாதாடிய பேரை, ஒத்துழைக்கத் தெரியாதவர் என்றார்கள். கேள்வி கேட்கும் பெண்ணுக்கு இந்தப் பட்டம் புதிதல்ல.

2010இல் பாசல் 3 அந்த எளிய விதியை உலகப் பொதுவாக்கியது. குறைந்தபட்சம் 3 சதவீதம்.

கட்டுப்பாட்டாளர்களை மக்கள் நம்பாததில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த அவநம்பிக்கையில், கேள்வி கேட்டவளும் கேட்காதவர்களும் ஒன்றாகிவிடக் கூடாது.

நூற்றுக்கு மூன்றுதான் கைமுதல் என்றால், அம்மா கடன் கொடுத்திருக்க மாட்டாள்.