என்ட்ரிக்கும் அட்டவணைக்கும் நடுவில் தொலைந்துபோகிறவர்கள்

தலவாக்கலைப் பக்கத் தோட்டங்களில் ஒரு களவு, ஒரு அடிதடி என்றால் அடுத்து வரும் பேச்சு ஒன்றுதான்: "பொலிஸ்ல போய் ஒரு என்ட்ரி போட்டு வையி." நியாயம் கிடைக்குதோ இல்லையோ, நடந்தது எங்கயோ எழுதப்பட்டிருக்கு என்று ஒரு ஆறுதல். சரி, அந்த எழுத்து வருஷக் கடைசியில் என்னவாகிறது? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டுதான் குற்றக் கணக்குகளின் வரலாற்றை நாங்கள் தேட ஆரம்பித்தோம்.

எங்கள் மக்களுக்கும் குற்றப் பதிவுக்கும் உள்ள உறவு முறைப்பாட்டில் தொடங்கவில்லை, குற்றச்சாட்டில் தொடங்கியது. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, ஒப்பந்த வேலையை முன்னறிவித்தல் இல்லாமல் விட்டுப் போவது சிறைக்கு அனுப்பக்கூடிய குற்றம். அதற்கு அடுத்த வருஷம்தான், 1866இல், இலங்கையில் இன்றைய பொலிஸ் அமைப்பு உருவானது. ஒருவர் தோட்டத்தை விட்டு ஓடினால் அவர் 'ஓடிப்போன கூலி'. சம்பளம் கிடைக்காமல் ஓடினாரா, கங்காணியின் கடன் தாங்காமல் ஓடினாரா, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஓடினாரா? அந்தச் சொல்லில் இது எதுவும் இல்லை. தொழிலாளியின் கடன் தொகையைச் சுமந்து தோட்டம் தோட்டமாகப் போன 'துண்டு' முறையை 1921இல்தான் ஒழித்தார்கள். அதுவரை எங்கள் பாட்டன் பூட்டன்மார் ஏட்டில் ஏறியது கடனாளியாக, இல்லாவிட்டால் குற்றவாளியாக.

1940 ஜனவரியில் ஹேவாஹெட்டைப் பக்கம் முல்லோயா தோட்டத்தில் வேலைநிறுத்தம் நடந்தபோது பொலிஸ் சுட்டு கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். அதை விசாரிக்க ஆணைக்குழு அமைத்தார்கள். கோவிந்தனின் மனைவி சார்பில் கொல்வின் ஆர். டி சில்வா வாதாடினார். எங்கே, எப்போது, யார் யார் இருந்தார்கள், யார் சுட்டது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார்கள். அதனால்தான் எண்பது வருஷம் கழித்தும் முல்லோயாவைப் பற்றி நாம் விபரமாகப் பேச முடிகிறது.

1977 மே மாதம் எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே, டெவன் தோட்டத்தில், தோட்டக் காணிகளைப் பிரித்துக் கொடுக்கும் திட்டத்தை எதிர்த்து மக்கள் திரண்டபோது சிவனு லெட்சுமணன் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே வருஷம் ஓகஸ்டில் நாடெங்கும் தமிழர்கள் தாக்கப்பட்டார்கள். அதை முன்னாள் பிரதம நீதியரசர் சன்சோனியின் ஆணைக்குழு விசாரித்தது. 1980இல் வெளிவந்த அறிக்கை ஊர் ஊராக, சம்பவம் சம்பவமாக எழுதப்பட்டது. அதன் முடிவுகளோடு சண்டை போடலாம். ஆனால் சண்டை போடுவதற்கே விபரம் வேண்டுமே! 'கலவரம்: இத்தனை' என்று ஒரு எண் மட்டும் மிஞ்சியிருந்தால் எதை வைத்துக் கேள்வி கேட்பது?

ஒரு பெரிய அநியாயம் நடந்து, சத்தம் எழும்பி, ஆணைக்குழு வந்தால் சம்பவம் சம்பவமாகப் பதிவு கிடைக்கிறது. ஆணைக்குழு வராத ஆயிரம் சின்ன அநியாயங்களுக்கு?

அவற்றுக்கு இருப்பது பொலிஸின் வருடாந்த பாரிய குற்ற அட்டவணை. கொலை, கொள்ளை, வீடுடைப்பு, பாரிய காயம் என்று தலைப்புகள். ஒவ்வொரு பொலிஸ் பிரிவுக்கும் நேரே எண்கள். இந்த வகைகளுக்கு அடிப்படை பெரும்பாலும் 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக் கோவை. இப்போது ஒரு லயத்தில் நடப்பதை யோசித்துப் பாருங்கள். குடித்துவிட்டு வந்த கணவன் மனைவியை அடிக்கிறான். எலும்போ பல்லோ உடைந்தால் அது பாரிய காயம், அட்டவணையில் ஏறும். முகம் வீங்கி, நாலு நாள் கொழுந்து பறிக்கப் போக முடியாமல் போனால்? பெரும்பாலும் சாதாரண காயம், பாரிய குற்றப் பட்டியலில் இடமில்லை. எலும்பு உடைந்து பட்டியலில் ஏறினாலும், அடித்தது கணவனா, முகம் தெரியாத ஒருவனா என்று அந்த எண் சொல்லாது. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் பாதுகாப்புக் கட்டளை பெற வழி செய்தது. 'வீட்டு வன்முறை' என்று தண்டனைச் சட்டத்தில் தனிக் குற்றத்தை அது உண்டாக்கவில்லை. ஆனால் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 2019இல் வீடு வீடாகப் போய்ப் பெண்களிடம் கேட்டபோது, துணையோடு வாழ்ந்தவர்களில் ஐந்தில் ஒருவர் அந்தத் துணையின் உடல் அல்லது பாலியல் வன்முறையை அனுபவித்ததாகத் தெரியவந்தது. அந்த ஐந்தில் ஒருவரைக் குற்ற அட்டவணையில் தேடினால் கிடைக்க மாட்டார்.

இது எங்கள் நாட்டு நோய் மட்டுமில்லை. அமெரிக்காவில் 1930இல் எப்.பி.ஐ. தேசியக் குற்றக் கணக்கைத் தொடங்கியபோது ஏழு வகைக் குற்றங்களின் மொத்த எண்ணிக்கையைத்தான் சேர்த்தார்கள். ஒரே சம்பவத்தில் கொலையும் கொள்ளையும் நடந்தால் பெரியது மட்டும் கணக்கில் வரும், சின்னது விழுந்துவிடும். இந்தியாவின் தேசியக் குற்ற ஆவணக் காப்பகமும் இப்படி முதன்மைக் குற்றத்தைத்தான் எண்ணுகிறது. அமெரிக்கா 1980களின் கடைசியிலிருந்து வேறு வழியை உருவாக்கியது. ஒவ்வொரு சம்பவமும் ஒரு தனிப் பதிவு: நேரம், இடம், நடந்த எல்லாக் குற்றங்களும், பாதிக்கப்பட்டவரின் வயது, அவருக்கும் செய்தவருக்கும் என்ன உறவு. 2021 ஜனவரி 1 முதல் எல்லோரும் இந்த முறைக்கு மாற வேண்டும் என்றார்கள். நியூயோர்க், லொஸ் ஏஞ்சல்ஸ் பொலிஸ்களே தயாராகவில்லை. அந்த வருஷத் தேசியக் கணக்கு ஓட்டை விழுந்து கிடந்தது. மாற்றம் இலேசானதில்லை, ஆனால் மாற முடியும்.

இங்கே இன்னொரு சுவர் மொழி. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 109ஆம் பிரிவு, வாய்மொழியாகச் சொல்வதை எந்த மொழியில் சொன்னாரோ அந்த மொழியிலேயே எழுதி, சொன்னவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்கிறது. எழுத முடியாத நிலையில் என்ன செய்வது என்பதற்கும் அதிலேயே வழி இருக்கிறது. தமிழும் அரச கரும மொழி என்று 1987இன் 13ஆவது திருத்தம் சொன்னது. ஆனாலும் சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தின் கீழே, என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே கையெழுத்து வைத்துவிட்டு வந்த கதை மலையகத்தில் யாருக்குத்தான் புதுசு? முதல் வரியே பிழைத்துப் போனால், அதிலிருந்து எந்தக் கணினி எந்தக் கணக்கை எடுத்தாலும் பிழைதான்.

அதனால் நாங்கள் கேட்பது பெரிய விஷயமில்லை. முறைப்பாட்டின் ஒரு வரியும் வழியில் உதிராமல் தேசியக் கணக்கு வரை போகட்டும். பாதிக்கப்பட்டவர் யார், செய்தவர் அவருக்கு என்ன உறவு, எந்த மொழியில் முறைப்பாடு எடுக்கப்பட்டது, வழக்கு என்ன ஆனது என்று தனித்தனி நிரல் இருக்கட்டும். ஒரு எச்சரிக்கையும் உண்டு. எங்கள் லயங்கள் சின்னவை. தோட்டத்தின் பெயரும் வயதும் உறவும் சேர்த்து வெளியிட்டால் பெயர் போடாமலே ஊருக்கு ஆள் தெரிந்துவிடும். முழு விபரம் பதிவில் இருக்க வேண்டும், வெளியே போவது ஆளை மறைத்துப் போக வேண்டும்.

ஓடிப்போனவர் ஏன் ஓடினார் என்று அன்றைக்கு யாரும் எழுதி வைக்கவில்லை. இன்றைக்கு முறைப்பாடு சொல்லப் போகிற அக்காவின் கதையாவது முழுசாக எழுதப்படட்டும். நீங்கள் என்ட்ரி போடப் போனால், வாசித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். சட்டம் அதற்கு இடம் கொடுத்திருக்கிறது.