உப்புத் தரையில் ஒரு கிழவர்

அறுபது வயதுக்கு மேல் ஒரு மனிதர் என்னென்ன செய்யலாம் என்பதற்கு நம் ஊரில் எழுதாத சட்டம் ஒன்று இருக்கிறது. காலையில் நடந்துவிட்டு வரலாம். மாலையில் கோயில் பிராகாரத்தைச் சுற்றலாம். பேரனைப் பள்ளிக்கூடத்தில் கொண்டு விடலாம். பத்திரிகைக்கு ஆசிரியர் கடிதம் எழுதலாம். காசிக்குப் போக வேண்டும் என்று ஆசைப்பட்டால் மெச்சுவோம். டிக்கெட்டுகூட எடுத்துக் கொடுப்போம். அதே மனிதர், "மோட்டார் சைக்கிளில் கொஞ்ச தூரம் போய்விட்டு வருகிறேன்" என்று சொல்லட்டும், பார்க்கலாம்! வீட்டில் கலவரம் மூண்டுவிடும். மனைவி கண்ணைத் துடைத்துக்கொள்வாள். மகன் சாவியை ஒளித்து வைப்பான். பக்கத்து வீட்டுக்காரர் வந்து, தமக்குத் தெரிந்த நாலு விபத்துக் கதைகளைச் சொல்லி, காபி சாப்பிட்டுவிட்டுப் போவார்.

இந்தச் சட்டத்தை நானும் ஒரு தடவை அமல் நடத்தியிருக்கிறேன். யார்மீது என்பதைப் பின்னால் சொல்கிறேன். சொல்வதற்குக் கொஞ்சம் தைரியம் வேண்டியிருக்கிறது. அது வரும்வரையில் வேறொரு கிழவரின் சரித்திரத்தைச் சொல்லிக்கொண்டிருக்கலாம்.

நியூஸிலாந்து தேசத்தின் தென்கோடியில் இன்வர்கார்கில் என்று ஓர் ஊர். அங்கே 1899ஆம் வருஷம் பிறந்தவர் பர்ட் மன்ரோ. இரட்டைக் குழந்தைகளில் ஒருவர். கூடப் பிறந்த பெண் குழந்தை பிறந்தவுடனேயே போய்விட்டது. மிஞ்சிய பிள்ளையும் இரண்டு வயதைத் தாண்டாது என்று வைத்தியர்கள் சொல்லிவிட்டார்களாம். வைத்தியர்கள் சொன்னதைக் கேட்கும் வழக்கம் அந்தப் பிள்ளைக்கு அப்போதே இல்லை.

பண்ணையில் வளர்ந்த அந்தப் பையன் இருபத்தொரு வயதில், 1920ல், ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கினான். அதன் பெயர் 'இந்தியன் ஸ்கௌட்'. பெயரைப் பார்த்து நாம் மார்தட்டிக்கொள்வதற்கில்லை. அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்டு நகரத்தில் இருந்த கம்பெனி அது. அந்த மண்ணின் பூர்வ குடிகளைக் குறிக்கும் சொல்லைத்தான் வண்டிக்கு வைத்திருந்தார்கள். சிவப்பு வர்ணம், இரண்டு சிலிண்டர், 600 சி.சி. எஞ்சின். மணிக்கு 55 மைல் வேகம் போகலாம் என்று கணக்கு. அந்தக் காலத்து ரோடுகளுக்கு அதுவே அதிகம்.

மன்ரோவுக்கு அது போதவில்லை. 1926ல் வண்டியைப் பிரித்தார். அன்று ஆரம்பித்த வேலையை ஏறக்குறைய ஐம்பது வருஷம் அவர் முடிக்கவேயில்லை. கையில் பணம் கிடையாது. மோட்டார் சைக்கிள் விற்பனையாளராகச் சம்பாதித்தது சாப்பாட்டுக்கு மட்டும்தான் போதுமானதாக இருந்தது. ஆகவே கடையில் வாங்க வேண்டிய சாமான்களைத் தாமே செய்துகொள்ள ஆரம்பித்தார். பழைய தகர டப்பாக்களை அச்சாக வைத்துக்கொண்டு பிஸ்டன் வார்த்தார். டிராக்டர் அச்சு ஒன்றை அறுத்து, ராவி, கனெக்டிங் ராடு செய்தார். பழைய குழாயிலிருந்து சிலிண்டர் வந்தது. நுட்பமாக அளப்பதற்கு மைக்ரோமீட்டர் வேண்டுமல்லவா? அதையும் சக்கரத்தின் ஸ்போக் கம்பி ஒன்றில் செய்துகொண்டார். 600 சி.சி. எஞ்சின் நாளடைவில் 950 சி.சி. ஆயிற்று.

பகலில் வேலை, இரவில் வண்டி. தூக்கம் என்று ஒன்று இருந்ததாகவே தெரியவில்லை. 1938ல் நியூஸிலாந்தின் வேக ரிகார்டு ஒன்றை முதல் தடவையாக முறியடித்தார். அப்புறம் இன்னும் ஏழு. ஊருக்குப் பக்கத்தில் ஓரெடி என்று நீண்ட கடற்கரை ஒன்று உண்டு. தண்ணீர் வடிந்த பிறகு இறுகிக் கிடக்கும் அந்த மணல்தான் அவருக்குப் பரீட்சைக் கூடம்.

இந்த இடத்தில் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அவருக்கு மனைவி உண்டு, நாலு குழந்தைகள் உண்டு. 1947ல் விவாகம் ரத்தாயிற்று. வேலையையும் விட்டுவிட்டு ஒரு கொட்டகையில் குடியேறினார். கட்டில் ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கம். 'பித்துக்குளி' என்று நாம் சொல்லத் துடிக்கிறோம். ஊராரில் சிலரும் சொல்லியிருப்பார்கள். அந்த அம்மாளின் பக்கத்துக் கதையை யாராவது எழுதினால் அதுவும் நியாயமாகத்தான் இருக்கும். ஒரு மனிதனின் ஆனந்தத்துக்கு இன்னொருவர் விலை கொடுப்பது உலகத்தில் புதிதல்ல. அதை மறைத்துவிட்டு மன்ரோவை மகானாக்க எனக்கு இஷ்டமில்லை.

அந்தக் கொட்டகையில் ஓர் அலமாரி இருந்தது. வெடித்த பிஸ்டன்கள், முறிந்த ராடுகள், உடைந்த வால்வுகள் எல்லாம் அதில் வரிசையாக அடுக்கியிருக்கும். மேலே தம் கையாலேயே எழுதி வைத்திருந்தார்: 'வேகக் கடவுளுக்குக் காணிக்கை.' வைத்தீசுவரன் கோயில் உண்டியலில் வெள்ளியில் கண்ணும் காலும் செய்து போடுகிறோமே, அந்த மாதிரிதான். ஒரு வித்தியாசம். நாம் உறுப்பு குணமாக வேண்டும் என்று காணிக்கை போடுகிறோம். அவர் உடைந்த உறுப்பையே காணிக்கையாக வைத்துவிட்டு, அடுத்ததை வார்க்கப் போய்விடுவார்.

அமெரிக்காவில் யூட்டா மாகாணத்தில் பான்வில் என்ற உப்பு வெளி இருக்கிறது. ஆதிகாலத்து ஏரி ஒன்று வற்றிப்போய் விட்டுச் சென்ற வெண்மையான தரை. வேதாரண்யத்து உப்பளத்தைக் கண்ணுக்கெட்டிய தூரம் பாத்தி கட்டாமல் விரித்துப் போட்டால் எப்படி இருக்கும்? அப்படி. உலகத்தின் வேகப் பைத்தியங்கள் எல்லாம் அங்கேதான் கூடுவது வழக்கம். 1957ல் மன்ரோ அங்கே வேடிக்கை பார்க்கப் போனார். அப்போது அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. நம் சர்க்கார் உத்தியோகஸ்தர்களை வெகுகாலம் மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பி வைத்த வயது அது. அவரோ பார்த்துவிட்டு ஊர் திரும்பி, வண்டியை மறுபடியும் பிரித்தார்.

அந்த வருஷங்களில்தான் அவருக்கு மார்வலி கண்டது. இருதயக் கோளாறு. நம் வீடாக இருந்தால் என்ன செய்திருப்போம் என்று சொல்ல வேண்டியதில்லை. 1962ல், அறுபத்து மூன்றாம் வயதில், நாற்பத்திரண்டு வயதான வண்டியோடு அவர் பான்வில் போய்ச் சேர்ந்தார். சுற்றிலும் பணக்காரர்களின் புது யந்திரங்கள். மீன் வடிவத்தில் ஒரு கூடு செய்து வண்டிக்கு மாட்டியிருந்தார். அதற்குள் குப்புறப் படுத்துக்கொண்டுதான் ஓட்ட வேண்டும். அந்த வருஷமே தம் பிரிவில் மணிக்கு 178.97 மைல் என்று ரிகார்டு செய்தார்.

ரிகார்டுக்கு அங்கே ஒரு விதி உண்டு. ஒரு திசையில் ஓடிக் காட்டினால் மட்டும் போதாது. அதே தூரத்தை எதிர்த் திசையிலும் ஓடிக் காட்ட வேண்டும். இரண்டுக்கும் சராசரி போடுவார்கள். போகும்போது முதுகில் தள்ளிய காற்று, திரும்பும்போது முகத்தில் அறையும். ஆக, காற்று இரவல் கொடுத்த வேகத்தைக் காற்றே திரும்ப வாங்கிக்கொள்கிறது. மிச்சம் நிற்பதுதான் சொந்த வேகம். எத்தனை நியாயமான ஏற்பாடு! இளமையில் ஓடிய ஓட்டத்தை மட்டும் வைத்து ஒரு மனிதனை எடை போடக் கூடாது, திரும்பி வரும் ஓட்டத்தையும் பார்க்க வேண்டும் என்று யாரோ ஒரு ஞானி யோசித்துச் செய்ததுபோல இருக்கிறது.

1967ல் அவருக்கு வயது அறுபத்தெட்டு, வண்டிக்கு நாற்பத்தேழு. அந்த வருஷம் ஓர் ஓட்டத்தில் வண்டி பாதி வழியில் ஆட்டம் கொடுக்க ஆரம்பித்துவிட்டது. வேகத்தைக் குறைக்க அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். காற்று கண்ணாடியைப் பிய்த்துக்கொண்டு போயிற்று. கண் தெரியவில்லை. வழி விலகிப் போய், இரும்பு முளை ஒன்றில் மோதாமல் மயிரிழையில் தப்பி, வண்டியைப் படுக்கப் போட்டுச் சறுக்கி நிறுத்தினார். சில சிராய்ப்புகளோடு எழுந்து வந்தார். அதே வருஷம்தான் 1000 சி.சி.க்கு உட்பட்ட பிரிவில் அவர் செய்த பெரிய ரிகார்டு, மணிக்கு 183.59 மைல். தகுதிச் சுற்றில் ஒரு திசையில் 190 மைலையும் தொட்டார்.

இதில் அவருக்கு என்ன சந்தோஷம்? கிழவர் வாலிபராக வேஷம் போடப் பார்த்தார் என்று சொல்லலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வாலிபத்தைத் தேடுகிறவன் புது வண்டி வாங்குவான். இவர் கடைசி வரையில் வைத்துக்கொண்டிருந்தது இருபத்தொரு வயதில் வாங்கிய அதே வண்டியை. அதில் எந்தப் பல் எங்கே தேயும், எந்தச் சத்தம் எதற்கு முன்னறிவிப்பு என்று உலகத்தில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். அந்த ஞானத்தை இருபத்தைந்து வயதுப் பையன் எத்தனை பணம் கொடுத்தாலும் வாங்க முடியாது. அவர் அனுபவித்தது வேகத்தை மட்டுமல்ல. நாற்பத்தேழு வருஷப் பழக்கத்தை அனுபவித்தார். அது முதுமைக்கென்றே வைத்திருக்கும் சந்தோஷம்.

அந்த இந்தியன் கம்பெனியின் முடிவும் விசித்திரமானது. 1953ல் ஸ்பிரிங்ஃபீல்டில் உற்பத்தி நின்றுவிட்டது. பெயரை வாங்கிக்கொண்டவர்கள் 1955 முதல் சில வருஷங்களுக்கு, இங்கிலாந்தில் செய்த ராயல் என்ஃபீல்டு வண்டிகளுக்கு 'இந்தியன்' என்று பெயர் ஒட்டி அமெரிக்காவில் விற்றார்கள். அதே 1955ல்தான் அந்த என்ஃபீல்டுக்காரர்கள் நம் மதராஸ் மோட்டார்ஸோடு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா கம்பெனியைத் தொடங்கினார்கள். பிறகு திருவொற்றியூர்த் தொழிற்சாலையிலிருந்து 'புல்லட்' வண்டிகள் வெளிவந்தன. ஆக, மன்ரோவின் குதிரைக்கும் நம் ஊர் புல்லட்டுக்கும் ஒருவிதத்தில் சம்பந்தி உறவு உண்டு.

புல்லட் என்று சொல்லிவிட்டேன். இனித் தட்டிக்கழிக்க முடியாது.

என் அப்பா 1978ல் ஒரு புல்லட் வாங்கினார். அது என்னைவிட இரண்டு வயது மூத்தது. கியர் வலது காலில், பிரேக் இடது காலில் இருந்த பழைய தினுசு. ஆம்பியர் மீட்டரின் முள்ளைப் பார்த்துக்கொண்டு, டீகம்ப்ரஷரை இழுத்து, கிக்கரை மெல்ல இறக்கி, முள் நடுவுக்கு வந்ததும் ஒரே மிதி. அவர் இரண்டாவது தடவை மிதித்து நான் பார்த்ததில்லை. ஓவர்சியர் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, தினமும் விடியற்காலையில் தஞ்சாவூரிலிருந்து திருவையாற்றுக்கு அந்த வண்டியில் போய்வருவார். ஒன்றன்பின் ஒன்றாக ஆற்றுப் பாலங்கள். காவேரியை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புவார். போக ஒரு திசை, வர ஒரு திசை. ரிகார்டுக்காக அல்ல.

ஒரு நாள் பாலத்தின் முனையில் கிடந்த மணலில் வண்டி வழுக்கி, முழங்கையைச் சிராய்த்துக்கொண்டு வந்தார். அவ்வளவுதான். அவர் அத்தை வீட்டு விசேஷத்துக்காக வெளியூர் போயிருந்தபோது வண்டியை விற்றுவிட்டேன். அம்மாவின் கண்ணீர், தங்கையின் போன், என் பொறுப்புணர்ச்சி எல்லாம் சேர்ந்து செய்த காரியம். விற்றவன் நான்தான்.

திரும்பி வந்தவர் கொட்டகையைப் பார்த்தார். தரையில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. "வித்துட்டியாப்பா?" என்றார். "ஆமாம்ப்பா" என்றேன். "யாருகிட்ட? நல்லா வச்சுக்குவானா?" என்று கேட்டார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. அதன் பிறகு தெருவில் புல்லட் போனால் வாசலுக்கு வந்து நிற்பார். "டேப்பெட் சத்தம் கேக்குது பாரு, கவனிக்காம ஓட்டறான்" என்பார். பாலத்துப் பக்கம் நடந்துகூடப் போகவில்லை. விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நீங்கள் கேட்கலாம். நானும் அதைச் சொல்லித்தான் இத்தனை வருஷமாக என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டு வருகிறேன். பயம் பொய்யல்ல. ஆனால் பயந்தவன் நான், வண்டி அவருடையது. அவரைக் கேட்டுவிட்டாவது விற்றிருக்கலாம்.

மன்ரோவும் கடைசியில் வண்டியை விட்டார். 1977ல் பக்கவாதம் வந்தது. கையும் காலும் முன்போல் ஒத்துழைக்கவில்லை என்று கண்டதும், தம் வண்டிகள் சொந்தச் சீமையை விட்டுப் போகக் கூடாது என்று உள்ளூர் வியாபாரி ஒருவரிடம் விற்றார். எப்போது நிறுத்துவது என்று அவரே பார்த்தார், அவரே தீர்மானித்தார். மறு வருஷம் ஜனவரியில் காலமானார். அவர் கதையை 2005ல் சினிமாவாகவும் எடுத்தார்கள்.

சரித்திரம் அதோடு முடியவில்லை. அவர் இறந்து முப்பத்தாறு வருஷம் கழித்து, 2014ல், அவருடைய மகன் பழைய கணக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். 1967 ரிகார்டின் சராசரியைப் போட்டதில் பிழை இருப்பதைக் கண்டார். அமெரிக்க மோட்டார் சைக்கிள் சங்கத்துக்குத் தெரிவித்தார். அவர்களும் கணக்கைச் சரிபார்த்து, 183.59 அல்ல, 184.087 என்று திருத்தினார்கள். அரை மைல்தான். ஆனால் அந்தப் பிள்ளை தகப்பனாருக்குச் சேர வேண்டியதைச் சேர்த்துவிட்டார்.

எங்கள் வீட்டுக் கொட்டகையில் அந்த எண்ணெய்க் கறை இன்னும் இருக்கிறது. சிமெண்டு பூசிவிடலாம் என்று வீட்டில் அடிக்கடி சொல்கிறார்கள். நான் வேண்டாமென்று சொல்லிவிட்டேன்.